சூளைக்கு முன்னே மண்: கையால் அறுத்த செங்கல்லின் கனிமமும் உறுதியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்கான அழைப்புக் கடிதம் வந்தபோது கட்டடப் பொறியியலில் எந்தப் பொருளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் நாட்டுச் செங்கல்லை எடுத்துக்கொண்டேன். ஊர் ஓரக் களத்தில் மண்ணைக் குழைத்து, மர அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்து, விறகோ உமியோ போட்டுச் சுட்ட கல். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகள் இதன்மேல்தான் நிற்கின்றன. ஆனால் நம் கல்லூரிகளில் கான்கிரீட்டுக்கு ஒதுக்கும் நேரத்தில் சிறு பங்கைக்கூட இதற்கு ஒதுக்குவதில்லை. மாணவர் ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் ஐந்து கல்லை உடைத்துப் பார்ப்பார். பதிவேட்டில் ஓர் எண்ணை எழுதுவார். அத்தோடு செங்கல் முடிந்துவிடும்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். செங்கல்லின் உறுதியை அது வெந்து வந்த பிறகு அளக்கிறோம். ஆனால் அந்த உறுதியின் பெரும்பகுதி, மண் குழியில் கிடக்கும்போதே அதிலுள்ள கனிமங்களால் முடிவாகிவிடுகிறது. ஆகவே சோதனை குழியிலிருந்து தொடங்க வேண்டும். மண் இன்னதென்று தெரிந்தால் எவ்வளவு மணல் சேர்ப்பது, எவ்வளவு வெப்பம் கொடுப்பது, அந்தக் கல்லை எந்தக் கலவையில் வைத்துக் கட்டுவது என்பவை எல்லாம் அதிலிருந்தே கிடைக்கும். இதைச் சில பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. எண் சொல்வதும் சொல்லாததும்

சுட்ட களிமண் செங்கல்லுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1077. அழுத்த வலிமையை வைத்து அது செங்கல்லை வகுப்புகளாகப் பிரிக்கிறது. மிகக் கீழான வகுப்பு 3.5, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். அடுத்து 5, 7.5, 10 என்று ஏறி 35 வரை போகிறது. 230 மில்லிமீட்டர் நீளமும் 110 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கல் 3.5 வகுப்பில் தேறினால், தட்டையாகக் கிடத்திய நிலையில் ஏறத்தாழ 9 டன் தாங்கும் என்று பொருள். தென்னிந்திய நாட்டுக் கற்கள் பல இந்த அடிவகுப்பை ஒட்டியே நிற்கின்றன. சில அதற்கும் கீழே போகின்றன. கங்கைச் சமவெளி வண்டலில் அறுத்த கற்கள் 10-ஐயும் அதற்கு மேலும் எட்டுவது வழக்கம். இரண்டும் கையால் அறுத்தவைதான். கையால் அறுத்தால் கல் பலவீனமாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை இந்த ஓர் ஒப்பீடே தள்ளிவிடும்.

சோதனை முறை ஐ.எஸ். 3495-இல் இருக்கிறது. கல்லை 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, மேலே உள்ள குழியைச் சிமெண்டுக் கலவையால் நிரப்பி, ஒரு நாள் ஈரச் சாக்கால் மூடி, பின் மூன்று நாள் நீரில் வைத்து, அதன்பிறகு நசுக்குகிறோம். ஈரமான கல் காய்ந்த கல்லைவிடக் குறைவாகவே தாங்கும் என்பதால் இது நேர்மையான சோதனை. மழைக்காலச் சுவரின் நிலை இதுதான்.

ஆனால் இந்த எண் காரணத்தைச் சொல்லாது. 3 என்ற விடை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல களிமண், போதிய வெப்பம் கிடைக்காமல் அரைவேக்காடாக நின்றிருக்கலாம். அல்லது மண்ணில் மணல் மிகுந்து, எவ்வளவு எரித்தாலும் துகள்களைப் பிணைக்க ஆளில்லாமல் போயிருக்கலாம். அல்லது மண் ஈரத்தில் உப்பிக் காய்கையில் சுருங்கும் வகையாக இருந்து, சூளைக்குள் போகும் முன்பே பச்சைக்கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்திருக்கலாம். முதல் குறைக்கு மருந்து கூடுதல் விறகு. இரண்டாவதில் அதே விறகு வீண். களி மிகுந்த வண்டல் சேர்க்க வேண்டும். மூன்றாவதில் மணல் சேர்க்க வேண்டும். மூன்று குறைகளுக்கும் எண் ஒன்றே. எண்ணை மட்டும் பார்க்கும் சூளைக்காரர் எல்லாவற்றுக்கும் விறகைத்தான் கூட்டுகிறார். ஒவ்வோர் ஆண்டும் வேலிக்கருவையும் சவுக்கும் சுமை சுமையாக இப்படி எரிகின்றன.

இன்னொன்று. அம்பாரத்திலிருந்து எடுக்கும் ஐந்து கற்களில் சூளையின் நடுவில் இருந்ததும் ஓரத்தில் இருந்ததும் கலந்திருக்கும். அவற்றின் சராசரி, உண்மையில் அந்த அம்பாரத்தில் இல்லாத ஒரு கல்லைப் பற்றிப் பேசுகிறது.

2. குழியில் என்ன இருக்கிறது

கையால் செங்கல் செய்வதற்கான வழிகாட்டி ஐ.எஸ். 2117. மண்ணில் களி 20 முதல் 30 விழுக்காடு, வண்டல் 20 முதல் 35, மணல் 35 முதல் 50 இருக்கலாம் என்கிறது அது. இவை துகளின் அளவைக் குறிப்பவை. மிக நுண்ணிய துகள் களி, அடுத்தது வண்டல், பருத்தது மணல். பயனுள்ள வரம்புதான். ஆனால் ஒரே அளவுக் களித்துகள் மூன்று முற்றிலும் வேறான கனிமங்களாக இருக்க முடியும். இங்கேதான் பொறியியல் புத்தகங்கள் நின்றுவிடுகின்றன.

முதலாவது கயோலினைட். ஒரு சிலிக்கா அடுக்கும் ஓர் அலுமினா அடுக்கும் ஒட்டிய ஏடுகள். இவற்றுக்கிடையே நீர் புகாது. எனவே இது அதிகம் உப்பாது, காயும்போது அதிகம் சுருங்காது. தன் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு நீரைக் கட்டமைப்புக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறது. கருங்கல் வகைப் பாறைகள் நன்கு வடிகால் உள்ள இடத்தில் நெடுங்காலம் சிதைந்து உண்டான செம்மண்ணில் இது மிகுதி. இதை உருக வைக்க மிக அதிக வெப்பம் வேண்டும்.

இரண்டாவது இல்லைட். இரண்டு சிலிக்கா அடுக்குகளுக்கிடையே ஓர் அலுமினா அடுக்கு. அந்த மூவடுக்கு ஏடுகளைப் பொட்டாசியம் இறுக்கிப் பிடித்திருக்கும். பொட்டாசியம் வெப்பத்தில் உருக்கைத் தூண்டும் பொருள். ஆகவே இல்லைட் மிகுந்த மண் குறைந்த வெப்பத்திலேயே கண்ணாடியாகத் தொடங்கி உறுதி பெறும். கங்கைச் சமவெளி வண்டலில் இமயமலையிலிருந்து வந்த மைக்காவும் இல்லைட்டும் ஏராளம். அங்குள்ள கல் உறுதியாக இருப்பதில் பெரிய சூளைகளுக்குப் பங்கு உண்டு. இந்தக் கனிமத்துக்கும் பங்கு உண்டு.

மூன்றாவது ஸ்மெக்டைட். இதுவும் மூவடுக்குதான், ஆனால் ஏடுகளுக்கிடையே பிடிப்பு தளர்வு. நீர் உள்ளே புகுந்து ஏடுகளைத் தள்ளி விலக்கும். கோவில்பட்டிக் கரிசல் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பதும் மழையில் உப்பி மூடுவதும் இதனால்தான். காவிரிப் படுகைக் களியிலும் இது கணிசமாக உண்டு. இதில் அறுத்த பச்சைக்கல் பிடிக்கையில் வழவழவென்று அழகாக இருக்கும். காய்கையில் வளையும், வெடிக்கும். மணலோ உமியோ சாம்பலோ கலக்காமல் இதை அறுக்கக் கூடாது என்று களத்தில் மண் குழைப்பவர்களுக்குத் தெரியும். கைப்பிடி மண்ணை நீர்விட்டு உருட்டித் திரிப்பார்கள். எவ்வளவு மெல்லிய திரியாக வருகிறது, உடைகையில் எப்படி உடைகிறது, கையில் எவ்வளவு ஒட்டுகிறது என்பதிலிருந்து எத்தனை கூடை மணல் என்று முடிவு செய்வார்கள். மண் இயக்கவியல் ஆய்வுக்கூடத்தில் நெகிழ் வரம்பைக் காண நாமும் மண்ணைத் திரியாகத்தான் உருட்டுகிறோம். 3 மில்லிமீட்டர் தடிமனில் உடைகிறதா என்று பார்க்கிறோம். செயல் ஒன்றே, அவர்கள் முடிவை எழுதி வைப்பதில்லை.

இவற்றோடு குவார்ட்ஸ் மணல் இருக்கும், ஃபெல்ட்ஸ்பார் இருக்கும், இரும்பின் ஆக்சைடுகள் இருக்கும். ஏரி மண்ணில் மக்கிய இலையும் வேரும் இருக்கும். குவார்ட்ஸ் சுருக்கத்தைக் குறைக்கும் எலும்புக்கூடு. ஃபெல்ட்ஸ்பார் உருக்குக்கு உதவும். இரும்பு நிறத்தைத் தரும். சில சூழல்களில் அதற்கு மேலும் செய்யும். அதற்கு அடுத்த பகுதியில் வருகிறேன்.

3. நெருப்பில் நடப்பது

சூளைக்குத் தீ வைத்த முதல் நாட்களில் வருவது வெண்புகை. அதில் பெரும்பாலும் நீராவி. துகள்களுக்கிடையே தங்கிய நீர் 100, 120 பாகை செல்சியஸுக்குள் வெளியேறுகிறது. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் ஆவி வழி கிடைக்காமல் கல்லைப் பிளக்கும். அனுபவமுள்ள சூளைக்காரர் முதலில் தீயைச் சிறிதாகவே வைத்திருப்பார்.

450 முதல் 600 பாகை வரை கயோலினைட் தன் கட்டமைப்பில் பூட்டிய நீரை இழக்கிறது. அப்போது உண்டாவது மெட்டாகயோலின் என்ற ஒழுங்கற்ற பொருள். இந்தக் கணத்துக்குப் பிறகு மண் மீண்டும் மண் ஆகாது. நீரில் போட்டால் கரையாது. களிமண்ணுக்கும் செங்கல்லுக்கும் உள்ள எல்லைக்கோடு இதுதான். ஆனால் உறுதி இன்னும் வரவில்லை. துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான்.

இடையில் 573 பாகையில் குவார்ட்ஸ் தன் படிக அமைப்பைச் சட்டென்று மாற்றிச் சற்றே விரிகிறது. ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. மணல் மிகுந்த கல்லைச் சூளையிலிருந்து அவசரமாகப் பிரித்தால், ஒவ்வொரு மணல்துகளைச் சுற்றியும் மயிரிழை விரிசல் விழும். சூளை தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு அடிப்படை இதில் இருக்கிறது. லாரி வாசலில் வந்து நிற்கிறது என்பதற்காக இதை மீறும் இடங்கள் நிறைய.

நிறத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மண்ணிலுள்ள மஞ்சள், பழுப்பு இரும்புக் கனிமங்கள் 300 பாகையை ஒட்டியே நீரை இழந்து சிவந்த ஹேமடைட் ஆகத் தொடங்கிவிடுகின்றன. 700 பாகைக்குள் கல் நன்றாகவே சிவந்துவிடும். அப்போது அதன் உறுதி பாதிகூட வந்திருக்காது. சிவப்பைப் பார்த்துக் கல் வாங்குகிறவர் வெந்த கல்லையும் வேகாத கல்லையும் பிரித்தறிய முடியாது. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிக் கணீரென்ற ஒலி கேட்கிறதா என்று பார்க்கும் கொத்தனாரின் முறை இதைவிட மேல். உள்ளே தொடர்ச்சியான பிணைப்பு இருந்தால்தான் அந்த ஒலி வரும். விரிசல் இருந்தாலும் பிணைப்பு இல்லாவிட்டாலும் ஒலி மங்கும். நகத்தால் கீறிப் பார்ப்பதும் அப்படியே.

உறுதி உண்மையாகப் பிறப்பது 850, 900 பாகையைத் தாண்டும்போது. இல்லைட், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியமும் சோடியமும் சிலிக்காவின் ஒரு சிறு பகுதியை உருக்கிக் கண்ணாடியாக்குகின்றன. கடலைமிட்டாயில் பாகு கடலையைப் பிடித்து வைப்பதுபோல அந்தக் கண்ணாடி, உருகாத குவார்ட்ஸ் துகள்களைப் பிடித்து வைக்கிறது. நுண்துளைகள் மூடத் தொடங்குகின்றன. நீர் உறிஞ்சுவது குறைகிறது. ஐ.எஸ். 1077 நீர் உறிஞ்சலுக்கு வரம்பு வைத்திருப்பது இதனால்தான்: 12.5 வகுப்பு வரை எடையில் 20 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது. அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 15. வெப்பம் இன்னும் ஏறி 1000 பாகையைக் கடந்தால் கயோலினைட்டின் எச்சத்திலிருந்து முல்லைட் என்ற ஊசிவடிவப் படிகங்கள் உருவாகும். அவை கண்ணாடிக்குள் வலுவூட்டும். அதையும் மீறினால் கல் உருகி வளைந்து கறுத்துவிடும். சூளை நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் கறுப்புக் கற்கள் அப்படி வந்தவை. அங்கே காற்றோட்டம் இல்லாததால் இரும்பு ஆக்சிஜனை இழந்து தானும் உருக்குப் பொருளாகிவிடுகிறது. நிறம் தரவேண்டிய இரும்பு, கல்லை உருக்கும் வேலையில் இறங்கிவிடுகிறது.

நம் நாட்டுச் சூளையில் வெப்பம் சீராக இருக்காது. அடுக்கின் நடுவுக்கும் சேற்றால் மெழுகிய ஓரத்துக்கும் இடையே நூறு, இருநூறு பாகை வேறுபாடு சாதாரணம். மேலே சொன்ன வெப்பப் படிகளை நினைத்துக்கொண்டால், அந்த வேறுபாடு மெட்டாகயோலினுக்கும் கண்ணாடிக்கும் இடைப்பட்ட தூரம் என்பது புரியும். இல்லைட் மிகுந்த மண்ணுக்கு ஓரத்து வெப்பமும் ஓரளவு போதும். கயோலினைட்டும் மணலும் மிகுந்த செம்மண்ணுக்கு நடுப்பகுதி வெப்பம்கூடப் போதாமல் போகலாம். ஒரே சூளை, ஒரே விறகு; மண் மாறினால் பலன் மாறும் என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

ஓரத்துக் கற்களை ஒதுக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறைந்த வெப்பத்தில் நின்ற கல்லில் மெட்டாகயோலின் உயிர்ப்போடு இருக்கிறது. அதைப் பொடித்துச் சுண்ணாம்போடு சேர்த்தால் இரண்டும் வினைபுரிந்து, நீருக்கடியிலும் இறுகும் பிணைப்பைத் தரும். சுர்க்கி என்று நம் முன்னோர் பயன்படுத்தியது இதுதான். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் உள்ளகம் சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையால் ஆனது. நன்கு வெந்து கண்ணாடியாகிவிட்ட கல்லின் பொடி இந்த வேலைக்கு உதவாது. சுவருக்கு ஆகாத கல் கலவைக்குச் சிறந்த கல். சூளையைப் பிரிக்கும்போதே வகை பிரித்தால் எதுவும் வீணாகாது.

4. சுக்கானும் உவரும்

இரண்டு கேடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டும் வலிமைச் சோதனையில் பெரும்பாலும் தப்பிவிடுபவை.

நம் மண்ணில் பல இடங்களில் சுக்கான் கற்கள் கிடக்கின்றன. இவை கால்சியம் கார்பனேட் உருண்டைகள். சூளையில் இவை கரியமில வாயுவை விட்டுச் சுட்ட சுண்ணாம்பு ஆகின்றன. கல் வெளியே வந்தபின் காற்றின் ஈரத்தை வாங்கி நீற்றுச் சுண்ணாம்பாக மாறும்போது பருமன் ஏறத்தாழ இருமடங்காகிறது. கல்லுக்குள் பயறளவு உருண்டை இருந்தாலும் போதும். மேற்பரப்பு வட்டமாகப் பொரிந்து விழும், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். அதே சுண்ணாம்பு மாவாக அரைபட்டுச் சீராகக் கலந்திருந்தால் கெடுதல் மிகக் குறைவு. 850 பாகைக்கு மேல் சிலிக்காவோடு சேர்ந்து நிலையான கால்சியம் சிலிக்கேட்டுகளாகி உறுதிக்குத் துணைசெய்யும். கேடு கனிமத்தில் இல்லை, உருண்டையின் அளவில் இருக்கிறது. மண்ணைச் சல்லடையில் சலிப்பது, மழையில் நனைய விட்டுப் பதப்படுத்துவது, சூளையிலிருந்து இறக்கிய கல்லை நீரில் முக்கி எடுப்பது ஆகிய மூன்றும் போதும். எதற்கும் இயந்திரம் வேண்டாம்.

உவர் இதைவிட மெதுவாகக் கொல்லும். மண்ணிலோ குழைக்கும் நீரிலோ சோடியம் சல்ஃபேட் இருந்தால் சுவரில் வெண்பூ பூக்கும். காய்ந்த நிலையில் உள்ள சோடியம் சல்ஃபேட் படிகம் நீரை ஏற்றுக்கொள்ளும்போது பருமன் நான்கு மடங்குக்கும் மேலாகிறது. பகலில் காய்ந்து இரவில் ஈரமாகும் கடற்கரைச் சுவரில் இந்த விரிவும் சுருக்கமும் ஓயாமல் நடந்து, கல்லின் தோலை ஏடு ஏடாக உரிக்கின்றன. வேகாத கல்லில் நுண்துளைகள் மெல்லியவை, பிணைப்பும் குறைவு. ஆகவே அதுதான் முதலில் உதிரும். கடலோர மாவட்டங்களில் உப்பேறிய கிணற்று நீரில் மண் குழைப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வேறு நீர் இல்லாததால் செய்கிறார்கள். அந்தக் கல்லில் வீடு கட்டும் குடும்பத்துக்கு, பத்தாண்டு கழித்துச் சுவர் ஏன் பொரிகிறது என்பதைச் சொல்ல யாரும் இருப்பதில்லை.

5. பழைய கற்கள்

மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் அகழ்ந்தெடுத்த முருகன் கோயிலின் அடித்தளத்தில் பெரிய செங்கற்கள் இருக்கின்றன. பூம்புகாரை ஒட்டிய கீழையூர்ப் படகுத்துறையிலும் கீழடியிலும் அப்படியே. நீளமும் அகலமும் இன்றைய கல்லைவிட மிகப் பெரிது. ஆனால் கனம் மட்டும் இன்றைய கல்லை ஒத்தே இருக்கிறது. கல் எவ்வளவு பெரிதானாலும் ஈரமும் வெப்பமும் கடக்க வேண்டிய தூரம் அதன் கனம்தான். நீளத்தைக் கூட்டலாம், அகலத்தைக் கூட்டலாம். கனத்தைக் கூட்டினால் உள்ளே வேகாது. செய்தவர்கள் இதை அறிந்தே செய்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இத்தகைய கற்களும் பானையோடுகளும் எவ்வளவு வெப்பத்தில் வெந்தன என்பதை இன்று அவற்றின் கனிமங்களே சொல்கின்றன. எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவுச் சோதனையில் கயோலினைட்டின் கோடு காணாமல் இருந்தால் வெப்பம் 550 பாகையைக் கடந்திருக்கிறது. இல்லைட்டின் கோடு இன்னும் நின்றால் 900-ஐ எட்டவில்லை. முல்லைட் இருந்தால் 1000-ஐத் தொட்டிருக்கிறது. தமிழகப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் அகச்சிவப்பு நிறமாலை முறையிலும் அகழாய்வுப் பானையோடுகளைப் பற்றி இப்படிக் கண்டறிந்திருக்கிறார்கள். சோதனைக்குச் சில கிராம் பொடி போதும். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கல்லுக்கு நாம் செய்யும் இந்த மரியாதையை, நேற்று அறுத்து நாளை ஒரு வீட்டுச் சுவராகப் போகும் கல்லுக்குச் செய்வதில்லை.

6. கல்லும் கலவையும்

செங்கல்லின் வலிமை வேறு, சுவரின் வலிமை வேறு. ஐ.எஸ். 1905-இல் உள்ள அட்டவணையைப் பாருங்கள். 3.5 வகுப்புக் கல்லால் கட்டிய சுவரில் அனுமதிக்கும் அடிப்படை அழுத்தம் 0.35, கல்லின் வலிமையில் பத்தில் ஒரு பங்கு. ஒன்றுக்கு நான்கு என்று சிமெண்டு வளமாகப் போட்டாலும் 0.35, ஒன்றுக்கு ஆறு போட்டாலும் அதே 0.35. மென்மையான கல்லுக்கு வளமான கலவையால் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை. செலவுதான் கூடுகிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே.எஸ். ஜகதீஷ், பி.வி. வெங்கடராம ரெட்டி முதலியோர் செய்த ஆய்வுகள் இதன் உட்காரணத்தைக் காட்டுகின்றன. மேலைநாட்டுப் பாடநூல்களில் கல் விறைப்பானது, கலவை மென்மையானது. கலவை பக்கவாட்டில் பிதுங்க முயன்று கல்லைக் கிழிக்கும் என்று விளக்குவார்கள். இங்குள்ள மென்மையான கல்லில் நிலைமை தலைகீழ். கல் கலவையைவிட எளிதில் நெகிழ்கிறது. ஆகவே இழுவிசை கலவைக்குப் போகிறது. அத்தகைய சுவரில் கலவையின் வலிமையைவிட, கல்லும் கலவையும் எவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கின்றன என்பதே முக்கியம். ஒட்டுதல் கல்லின் நுண்துளையைப் பொறுத்தது. நுண்துளை மண்ணையும் வெப்பத்தையும் பொறுத்தது. காய்ந்த கல்லை அப்படியே வைத்தால் அது கலவையின் நீரை உறிஞ்சி ஒட்டுதலைக் கெடுக்கும். கல்லை நீரில் போட்டு எடுத்து வை என்று மேஸ்திரி சொல்வது இதற்காகத்தான்.

சுடச்சுட இறக்கிய கல்லை உடனே கட்டவும் கூடாது. வெந்த களி, சூளையை விட்டு வந்த கணத்திலிருந்து காற்றின் ஈரத்தை வேதிப்பிணைப்பாக மீண்டும் ஏற்றுக்கொண்டு மிக மெல்ல விரிகிறது. மோய்ரா வில்சன், கிறிஸ்டோபர் ஹால் முதலியோர் 2003-இல் இதன் விதியை வெளியிட்டார்கள்: விரிவு காலத்தின் நான்காம் படிமூலத்தைப் பொறுத்தது. முதல் நாளில் வந்த விரிவு இருமடங்காக 16 நாள் ஆகும். மும்மடங்காக 81 நாள். முதல் இரண்டு வாரம் கல் களத்திலேயே கிடந்தால், சுவரில் வரவேண்டிய விரிவில் கணிசமான பகுதி களத்திலேயே முடிந்துவிடும்.

இனி, சுவருக்கு எவ்வளவு உறுதி தேவை? 230 மில்லிமீட்டர் தடிமனும் 3 மீட்டர் உயரமும் உள்ள சுவர் தன் எடையால் அடியில் தரும் அழுத்தம் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 0.06 நியூட்டன்தான். தளங்களின் பாரத்தைச் சேர்த்தாலும், சாதாரண ஒரு மாடி வீட்டுக்கு 3.5 வகுப்புக் கல் பெரும்பாலும் போதும். உறுதியை 10-க்கு ஏற்றுவதற்காக மேல்மண்ணையும் விறகையும் அழிக்க வேண்டியதில்லை. வேண்டியது சீர்மை: ஒரு சூளையில் இறங்கும் எல்லாக் கல்லும் நம்பத்தக்க 3.5 அல்லது 5 ஆக இருப்பது.

7. களத்தில் செய்யக்கூடியவை

கோவை தடாகம் பள்ளத்தாக்கில் 2021-இல் நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. செம்மண்ணை வரம்பில்லாமல் தோண்டியதால் நீரோடைகளும் யானை வழித்தடமும் கெட்டன என்பதே அங்கே எழுந்த வழக்கு. ஒன்றிய அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்ட அறிவிக்கை, சூளைகள் வளைந்து செல்லும் புகைவழி முறைக்கோ செங்குத்துச் சூளைக்கோ இயற்கை எரிவாயுவுக்கோ மாறவேண்டும் என்கிறது. இரண்டும் தேவையானவை. ஆனால் இரண்டிலும் மண்ணின் கனிமம் பற்றி ஒரு சொல் இல்லை. எந்த மண்ணைத் தோண்டலாம், எதைத் தோண்டுவது வீண் என்பதைக் கனிமம் அறியாமல் முடிவு செய்ய முடியாது. நெல் விளையும் மேல்மண்ணைச் சுட்டுவிட்டால் அது திரும்ப வராது. ஏரி வண்டலைத் தூர்வாரும் பணியோடு இணைத்துத் தகுந்த மணலோடு கலந்தால், பல இடங்களில் வயல் மண்ணைத் தொடாமலே அறுக்க முடியும்.

இதற்கு வேண்டிய முதல் சோதனைகள் எளியவை. கண்ணாடிக் குப்பியில் மண்ணையும் நீரையும் குலுக்கி வைத்தால், படியும் அடுக்குகளில் மணல், வண்டல், களி விகிதம் தோராயமாகத் தெரியும். அளவு குறித்த ஈர மண் பட்டையைக் காயவைத்துச் சுருக்கத்தை அளந்தால் ஸ்மெக்டைட் மிகுதியா என்பது தெரியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில சொட்டு விட்டு நுரைக்கிறதா என்று பார்த்தால் சுக்கான் இருப்பது தெரியும். நீரின் உப்பை அளக்கும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கிறது. கயோலினைட்டா இல்லைட்டா என்பதற்கு மட்டும் எக்ஸ்-கதிர்க் கருவி வேண்டும். அது நம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது.

அறுப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்கு வந்து, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கூலியில் உழைக்கிறார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. இன்னும் சூளைகளிலிருந்து குடும்பங்களை மீட்ட செய்தி வந்துகொண்டேயிருக்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி என்றால், மண்ணை இரண்டாம் முறை மிதித்துக் குழைக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்று பொருள். சுக்கான் பொறுக்கும் நேரத்துக்கும் இல்லை. சரியாகக் குழையாத மண்ணில் காற்றுக்குமிழியும் கட்டியும் இருந்து கல்லின் உறுதி குறைகிறது. ஆய்வுக்கூடத்தில் வரும் குறைந்த எண்ணில் இந்தக் கூலிமுறையும் அடங்கியிருக்கிறது. மண் பதப்படுத்தும் வேலைக்குத் தனிக் கூலி கொடுக்க வேண்டும் என்பதை ஒரு தொழில்நுட்பப் பரிந்துரையாகவே இந்த மேடையில் வைக்கிறேன்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மண்ணைத் தோண்டி மழையில் நனைய விடுவார்கள். தை பிறந்தால் அறுப்பு தொடங்கும். ஆகவே மாதிரி எடுக்க வேண்டியது ஆவணி, புரட்டாசியில். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள சூளைகளின் குழிமண்ணிலிருந்து மாதிரி எடுங்கள். குப்பிச் சோதனையும் சுருக்கச் சோதனையும் அமிலச் சோதனையும் செய்யுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக் கனிமத்தைக் கண்டறியுங்கள். மண்ணைத் திரித்துப் பார்ப்பவர் என்ன சொன்னார் என்பதையும் முடிவுகளுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். மார்கழிக்குள் அந்தத் தாள் சூளைக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தால், அந்த ஆண்டுக் கலவையை அவர்கள் அதைப் பார்த்து முடிவு செய்ய முடியும்.